உட்காராத வாடிக்கையாளர்

மெக்கானிக்கின் மனைவி சத்தம் போட்டிருந்தால் நிதானம் சமாளித்திருப்பார். சத்தம் போடுகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு வைத்தியம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நாற்காலி, "நிதானமாச் சொல்லுங்க" என்று இரண்டு வார்த்தை. பதினெட்டு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லியே அந்தத் துப்பறிவாளருக்கு ஊரில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும் இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. கைப்பையைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெள்ளைப் பட்டை, விரல் அகலம், நடுவில் கத்தியால் அறுத்த தடம்.

"பட்டறையைக் காலி பண்றோம் சார். பெஞ்சை நகர்த்தினப்போ சுவரோரமாக் கிடந்துச்சு. இது என்னன்னு தெரியுதா?"

நிதானத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. எதிர் மேஜையிலிருந்து உதவியாளர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். முன்னாள் டெலிபோன் ஆபரேட்டர், நாற்பது வயது, பேசுகிற வேகத்தைப் பார்த்து எல்லோரும் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பார்சல் கட்டுற பட்டை மாதிரி இருக்கு. இல்லைன்னா ரொம்ப ஒல்லியான யாரோட பெல்ட்டோ" என்றாள் தந்தி.

மெக்கானிக்கின் மனைவி சிரிக்கவில்லை. "கேஸ் அடைச்ச புது ஷாக் அப்சார்பர் தானாவே நீண்டுக்கும். அதனால கம்பெனியிலேயே அமுக்கி, இந்தப் பட்டையைப் போட்டுக் கட்டித்தான் அனுப்புவாங்க. வண்டியில மாட்டுறப்போதான் அறுப்பாங்க. வேற எதுக்கும் இது உதவாது. பட்டையில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பார்ட் நம்பர் இருக்கு பாருங்க. செடி நர்சரி அம்மா வச்சிருக்காங்களே, அந்தப் பழைய மாடல் காருக்கு உள்ளது. பின்சக்கரம் ரெண்டு, பட்டை ரெண்டு."

நிதானம் ஸ்டிக்கரைப் பார்த்தார். எழுத்துகள் கண்ணில் பட்டன, மனதில் ஏறவில்லை.

"என் வீட்டுக்காரர் பழசுக்குப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு ஏமாத்திட்டார்னு நீங்க எழுதினீங்க. அப்போ இந்தப் பட்டை எங்கிருந்து சார் வந்துச்சு?"

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

நான்கு மாதத்துக்கு முந்தைய விவகாரம் அது. ஊர் எல்லையில் செடி நர்சரி நடத்தும் அம்மாள், இருபத்தாறு வயதான தன் காரில் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார். ஒரு வளைவில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. வண்டியின் பின்பக்கம் பந்து மாதிரித் துள்ளி, சக்கரம் தரையை விட்டு, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. கணவருக்குச் சிராய்ப்பு. அம்மாளுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பதினைந்து நாளைக்கு முன்புதான் மெக்கானிக் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தார். "என்னை ஏமாத்திட்டானா, பார்த்துச் சொல்லுங்க" என்று அம்மாள் நிதானத்தைக் கூப்பிட்டார்.

நிதானம் அரை மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார். கழற்றிய ஷாக் இரண்டும் கிழடு தட்டியவை. எண்ணெய் கசிந்து வற்றிப்போய், துருவுக்கு மேல் புத்தம் புதுக் கறுப்புப் பெயிண்ட். இதற்குமேல் என்ன வேண்டும்? மூன்று பக்க அறிக்கை. கார் வைத்திருப்போர் சங்கத்தில் அதன் நகல் கைக்குக் கை போனது. பத்து நாளில் அந்தப் பட்டறைக்குக் காற்றடிக்கக்கூட யாரும் வரவில்லை.

அந்த ஷாக்கில் ஒன்றை நிதானம் தன் அலுவலகக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்க வேண்டும். அவர் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! சற்று முன் அந்தப் பெண் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள். அதைத் தாண்டித்தான் போனாள். நிதானத்துக்குக் காது மடல் சுட்டது.

"பழைய நோட்டை எடுக்கட்டுமா சார்?"

"வேண்டாம்."

"எடுத்துட்டேன்." தந்தி பக்கத்தைப் புரட்டினாள். "மெக்கானிக் சொன்னது. 'புதுசுதான் மாட்டினேன். பழசைச் சாக்குப்பையில போட்டு அவங்க வீட்டிலேயே கொடுத்துட்டேன்.' பக்கத்துல உங்க எழுத்து. 'வழக்கமான கதை.' அதுக்குக் கீழ ரெண்டு கோடு."

"போதும்."

"நான் படிக்கத்தானே செய்றேன். கோடு போட்டது நீங்க."

நிதானம் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். பிறகு கழற்றினார். "அந்தச் சாக்குப்பையைப் பத்தி நாம யாரையாவது விசாரிச்சோமா?"

"நாம இல்லை சார். நீங்க. நான் அன்னைக்கு விசாரிக்கலாம்னேன். எனக்குக் கற்பனை அதிகம்னீங்க."

*

உதிரி பாகக் கடை மூன்றே தெரு தள்ளி இருந்தது. அதுவே முதல் அடி. அன்றைக்கே நடந்து வந்திருக்கக்கூடிய தூரம்.

ரயில் பெட்டி மாதிரி நீளக் கடை. தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர் பட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கொடுத்ததுதான். அந்த மாடல் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது. சொல்லி வச்சு ரெண்டு ரகத்துலயும் ஒரு ஜோடி வரவழைச்சேன். மறக்குமா? ஒரு ஷாக் வாங்க ஒரு மணி நேரம் நின்னார் அந்த மெக்கானிக்."

"என்ன தகராறு?"

"தகராறு இல்லை சார், அக்கறை. நான் ஆயில் ரகத்தை எடுத்து வச்சேன். பழைய வண்டி, ஸ்பிரிங்கும் தளர்ந்து போச்சு, ஆயில் போட்டா மெத்து மெத்துன்னு போகும்னேன். அவர் ஒத்துக்கலை. 'அந்த அம்மா பின்னாடி பூரா மண்தொட்டியா ஏத்திக்கிட்டு மலை இறங்குறாங்க. ஆயில் ரகம் சூடேறிச்சுன்னா உள்ளேயே நுரைச்சுடும், வளைவுல கைவிட்டுடும். கேஸ் ரகம் போடுறேன். கொஞ்சம் விறைப்பா, கடக்குன்னு இருக்கும், ஆனா சக்கரம் ரோட்டை விடாது'ன்னார். குலுக்குதுன்னு உன்னைத் திட்டுவாங்கய்யான்னேன். திட்டட்டும், உயிரோட திட்டட்டும்னுட்டு வாங்கிட்டுப் போனார்."

தந்தி நிதானத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

"இதை ஏங்க அப்பவே சொல்லலை?" என்றார் நிதானம்.

"நீங்க வந்து கேட்கலையே சார்."

நிதானத்தின் மூளை ஓடியது. வாங்கினார் என்பதால் மாட்டினார் என்று ஆகுமா? பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, புதுசை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாமே? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஆசை தனக்குள் தலைதூக்கியதை அவரே கவனித்தார். ஒரு மனிதன் திருடனாக இருக்க வேண்டுமே என்று பட்டப்பகலில், கடை வாசலில் நின்று வேண்டிக்கொள்கிறார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள! அவருக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது.

தந்திதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அண்ணே, அதுக்கப்புறம் அந்த மாடலுக்குன்னு வேற யாராவது ஏதாவது வாங்கினாங்களா?"

"ஒரு வாரம் கழிச்சு ஒரு பெரியவர். ஷாக்கோட முனையில புஷ்னு ஒரு ரப்பர் வளையம் இருக்குமில்ல, அது மட்டும் நாலு கேட்டார். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. புது ஷாக்குன்னா புஷ் அது கூடவே வந்துடும். தனியா புஷ் கேட்டா பழசைத் திரும்ப மாட்டப் போறாங்கன்னு அர்த்தம். வேண்டாம் சார்னேன். காதிலேயே போட்டுக்கலை."

"ஆள் எப்படி இருந்தார்?"

"பெரியவர்னா பெரியவர்தான். கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஆனா அளவு எழுதிட்டு வந்திருந்தார் பாருங்க, பன்னெண்டு புள்ளி ஏழுன்னு! இங்க வர்றவங்க எல்லாம் கட்டைவிரல் தண்டி, சுண்டுவிரல் தண்டிம்பாங்க. புள்ளி வச்சு எழுதிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். அப்புறம்..." கடைக்காரர் தயங்கினார். "தேடி எடுக்க அரை மணி ஆகும், உட்காருங்கன்னு ஸ்டூலைப் போட்டேன். உட்காரலை. மெத்தை வச்ச ஸ்டூல் சார்! மூணு தடவை சொல்லிட்டேன். கடைசிவரைக்கும் நின்னுட்டே இருந்தார். நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேனோன்னு எனக்கே சங்கடமாப் போச்சு."

தெருவில் இறங்கியதும் தந்தி நோட்டைப் பிரித்தாள். விபத்து வண்டியில் இருந்த பொருள்களை அவள் அன்று வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

"ஜாக்கி ஒண்ணு. குடை ஒண்ணு. உடைஞ்ச பூந்தொட்டி மூணு. ஓட்டுறவர் பக்கத்து சீட்டில் காற்றடிக்கிற வட்டத் தலையணை ஒண்ணு, நடுவில் ஓட்டை." அவள் நோட்டை மூடினாள். "இது யாருக்கு, எதுக்குன்னு கேட்டேன். பேரப்பிள்ளை நீச்சல் பழக வச்சிருப்பாங்கன்னீங்க."

நிதானம் நடு நடைபாதையில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனார். அது அவர் காதில் விழவே இல்லை.

"பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போறவர் அவங்க வீட்டுக்காரர். பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர்" என்றார் மெதுவாக.

"புள்ளி வச்சு அளக்குறவர். உட்காரப் பிடிக்காதவர். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார். வாங்க."

அலுவலகத்துக்குக் கீழே தையல் கடை. தந்தி அங்கே ஒரு வெள்ளைச் சாக்குக்கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினாள். கதவு முட்டாகக் கிடந்த ஷாக்கைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். முனையில் இருந்த ரப்பர் புஷ்ஷை நகத்தால் அழுத்தினாள். உடம்பெல்லாம் துரு, புஷ் மட்டும் இளசாக, அமுக்கினால் மீண்டு வந்தது.

பிறகு ஸ்டீல் பீரோவின் பளபளப்பான கதவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது, கோடே விழவில்லை. அதே கட்டியால் ஷாக்கின் கறுப்புப் பெயிண்ட்டில் எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோலப் பளிச்சென்று விழுந்தது.

"மெக்கானிக் பட்டறையில இருக்கிறதெல்லாம் மினுமினுன்னு மின்னுற பெயிண்ட். மங்கலா, சாக்குக்கட்டி பிடிக்கிற மாதிரி அடிக்கிற பெயிண்ட் உலகத்துல ஒரே பொருளுக்குத்தான் சார்."

"கரும்பலகைக்கு" என்றார் நிதானம். நான்கு மாதமாக அந்தக் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவர் பார்த்த கறுப்பு அது.

*

நர்சரி வீட்டின் கூடத்தில் வாத்தியார் நின்றுகொண்டுதான் இருந்தார். ஜன்னல் மேடையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு கையையும் ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். அம்மாள் தோட்டத்தில், நிழல்வலைக்கு அடியில், இடது கையால் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

நிதானம் பட்டை இரண்டையும் செய்தித்தாள்மேல் வைத்தார். வாத்தியார் அவற்றைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கச் சாமான் அறைக்கு நடந்தார். உர மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு ஷாக்குகள் சாக்கு விரிப்பில் கிடந்தன. பளபளக்கும் கறுப்பு. முழு நீளத்துக்கும் நீண்டு கிடந்தன. நிதானம் ஒன்றை நிறுத்தி வைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். இறங்கியது, பிறகு அவர் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மெல்ல மேலே வந்தது.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் வாத்தியார்.

தந்தி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"மூலம்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே அவருக்குக் கழுத்து சிவந்துவிட்டது. "ரெண்டு வருஷமா. டாக்டர்கிட்டயும் போகலை. எப்படிப் போய்க் காட்டுறது? அவகிட்ட முதுகுவலின்னு சொல்லித்தான் அந்த வட்டத் தலையணையை வச்சுக்கிட்டேன். பழைய ஷாக் தொட்டில் மாதிரி ஆடும், வலி தெரியாது. புதுசு மாட்டினதுக்கப்புறம் ஒவ்வொரு குழியும் ஊசி மாதிரி ஏறுச்சு. மெக்கானிக்கிட்ட போய், ரொம்பக் கடக்குன்னு இருக்குப்பா, பழசையே போட்டுடுன்னேன். காரணத்தைச் சொல்லலை. 'பழசு செத்துப் போச்சு சார், என் கையால மாட்ட மாட்டேன்'னுட்டார். அவ தோட்டத்துல இருந்த ஒரு மத்தியானம் நானே மாட்டிட்டேன். மேல ஒரு நட்டு, கீழ ஒரு போல்ட்டு. குனிஞ்சு பார்த்தா கண்டுபிடிச்சுடுவாளேன்னு வீட்டுல இருந்த பெயிண்ட்டை எடுத்து அடிச்சேன்."

"நீங்க பிசிக்ஸ் வாத்தியார்" என்றார் நிதானம்.

"முப்பது வருஷம். ஸ்பிரிங் துள்ளும், துள்ளலை அடக்குறதுதான் ஷாக்கோட வேலைன்னு போர்டுல படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவன். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். எப்பவாவது ஆகும்னு நினைச்சேன். நம்ம வண்டிக்கு ஆகும்னு நினைக்கலை."

இங்கேதான் நிதானத்துக்குக் குரல் உயர்ந்தது. அரை நாளாக உள்ளே புழுங்கிக்கொண்டிருந்ததைக் கொட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

"ஒரு மனுஷனோட பிழைப்பு போச்சு சார்! பட்டறையைக் காலி பண்றாங்க. நாலு மாசமா நீங்க வாயைத் திறக்கவே இல்லையே!"

"திறந்தேன்."

"யார்கிட்ட?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட."

சாமான் அறையில் உர வாடை அடித்தது. எங்கோ குழாய் சொட்டும் சத்தம்.

"நீங்க அறிக்கை கொடுத்த அஞ்சாம் நாள். உங்க ஆபீசுக்கு வந்தேன். 'அந்த மெக்கானிக் மேல தப்பு இல்லைங்க'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க முடிக்க விடலை. 'உங்களை மாதிரி நல்லவங்க இரக்கப்பட்டுத்தான் சார் இவனுங்க பிழைக்கிறானுங்க'ன்னீங்க. காபி வரவழைச்சீங்க. கதவுகிட்ட இருந்த ஷாக்கை எடுத்து, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கு விளக்கினீங்க. நான் அடிச்ச பெயிண்ட்டைக் காட்டி எனக்கே!" அவர் மூச்சு வாங்கினார். "அவ்வளவு நிச்சயமா ஒருத்தர் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதுதான் அசிங்கம். நிம்மதியா வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்."

நிதானத்துக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆனால் வேறு மாதிரி நினைவிருந்தது. நன்றி சொல்ல வந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். இரண்டு மூன்று பேரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறார். காபியை வாத்தியார் நின்றுகொண்டே குடித்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தன்மேல் இருக்கிற மரியாதை என்று நிதானம் எடுத்துக்கொண்டார்.

அவர் தந்தியின் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லேன், ஒரு கிண்டலாவது பண்ணேன் என்பதுபோல. தந்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தது, காலை முழுக்க அவள் குத்திக் காட்டியதைவிட வலித்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க" என்றது ஒரு குரல்.

நர்சரி அம்மாள் வாசற்படியில் நின்றிருந்தார். இடது கையில் பூவாளி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கத் தேவையில்லை, முகத்திலேயே இருந்தது.

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம்" என்றார் கணவரிடம். "நீங்க தும்மினா எத்தனை தடவை தும்முவீங்கன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்ல உங்களுக்கு வெட்கம். கை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே... உட்காரலை, இல்ல? நின்னுட்டேதான் இருந்தீங்க. எனக்காக நிக்கிறீங்கன்னு நினைச்சு அழுதேன்."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சங்கத்துல அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னது இந்த வாய்தான்." அம்மாள் பூவாளியைக் கீழே வைத்தார். "அவர் இப்போ எங்க இருக்கார்?"

"பஸ் டிப்போவுல வண்டி கழுவுறாராம்" என்றாள் தந்தி.

"வாடகை வண்டியைக் கூப்பிடுங்க. எல்லாரும் போறோம்."

வண்டியில் வாத்தியார் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் அவர் முகம் சுருங்கியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மூன்றாவது குழிக்குப் பிறகு அம்மாள் தன் சால்வையை மடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டார். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

*

டிப்போவில் எட்டுப் பத்துப் பேர் பஸ்களுக்கு நடுவில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஷெட்டின் நிழலிலிருந்து கத்தினார்.

"ஏய் பெயிண்ட்டு! ஏழாம் நம்பரை முடிச்சியா?"

"முடிஞ்சுது மேஸ்திரி" என்று பதில் சொன்னவரைப் பார்த்ததும் நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மெக்கானிக்தான். இங்கே அவருக்குப் பெயிண்ட்டு என்றுதான் பெயர். அந்தப் பெயர் நிதானத்தின் அறிக்கை பெற்ற பிள்ளை.

மெக்கானிக் நான்கு பேரையும் பார்த்தார். குழாயைக் கீழே போடவில்லை.

நிதானம் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "நான் எழுதினது தப்பு" என்றார். "நீங்க புதுசுதான் மாட்டினீங்க. கழற்றிட்டுப் பழசை மாட்டினது வேற ஆள். நீங்க என்கிட்ட உண்மையைச் சொன்னீங்க. நான் கேட்கலை. புது அறிக்கை எழுதி, சங்கத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். மெக்கானிக் தலையசைத்தார்.

"வாத்தியார் பழசையே மாட்டச் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க நோட்டை மூடிட்டீங்க. ஆனா உங்க பழைய அறிக்கையை நான் முழுசாப் படிச்சேன் சார். ரெண்டு தடவை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை" என்றார்.

வாத்தியார் முன்னால் வந்தார். "நான்தான்ப்பா மாட்டினது. எனக்கு மூலம். குலுக்கல் தாங்கலை. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

மெக்கானிக் அவரைப் பார்த்தார். கோபம் வருவதற்கு முன் வேறு ஏதோ வந்துவிட்டதுபோல இருந்தது அந்த முகம்.

"இந்த ஒரு வார்த்தையை அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா ஆயில் ரகம் போட்டுக் கொடுத்திருப்பேனே சார். பின்னாடி ஏத்துற சுமையைப் பாதியாக் குறைங்க, மலையில மெதுவா இறங்குங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருப்பேன். உட்கார்றவங்க உடம்பு தெரியாம எப்படி சார் ஷாக் எடுக்கிறது?" பிறகு, வாய் தானாகக் கேட்டதுபோல, "அந்தப் புது ஜோடி எங்க?"

"சாமான் அறையில இருக்கு."

"நிக்க வச்சிருக்கீங்களா, படுக்க வச்சிருக்கீங்களா?"

"படுக்க."

"நாலு மாசம் படுக்கவா!" மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேஸும் ஆயிலும் கலந்து கிடக்கும். நிமிர்த்தி வச்சு ஏழெட்டுத் தடவை அமுக்கி விடணும். யாரும் தொடாதீங்க. நான் வந்து பார்க்கிறேன்."

நர்சரி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தார். வாத்தியார் கைகூப்பினார். மெக்கானிக் அதை ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

நிதானம் இன்னும் அங்கேயே நின்றார். போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. கடைசியில் மெக்கானிக் அவர் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட சொன்னீங்க, சரி. எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமே. இவங்ககிட்ட சொல்லுங்க."

மேஸ்திரி கையைக் காட்ட, குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. திடீரென்று டிப்போ அமைதியாகிவிட்டது. நனைந்த முகங்கள் எல்லாம் நிதானத்தைப் பார்த்தன. அவர் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். நிதானம் என்பதை அல்ல, வரி ரசீதில் இருக்கிற பெயரை. அரை மணி நேரத்தில் தான் ஒரு மனிதனைத் திருடனாக்கியதையும், நடக்கிற தூரத்தில் இருந்த கடைக்குப் போகாததையும், உண்மையைச் சொல்ல வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பியதையும் சொன்னார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். யாரும் உதவிக்கு வரவில்லை.

முடித்ததும் யாரோ இருமினார்கள். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். குழாய்கள் மறுபடி திறந்தன.

நிதானம் கிளம்பத் திரும்பினார்.

"சார்" என்றார் மெக்கானிக். "ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் வரும். அவங்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க."

நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியை இழுத்துப் போட்டு, வெயிலிலேயே உட்கார்ந்தார்.